கண்ணாடியைக் கழற்றும் லேசர்: பி.ஆர்.கே.வா, லாசிக்கா, ஸ்மைலா?

போன மாதம் என் தங்கை கண் மருத்துவமனைக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். கையில் கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் மூன்று லேசர் சிகிச்சைகளின் மடிப்புத் தாள்கள். ஒன்றில் பி.ஆர்.கே., இன்னொன்றில் லாசிக், மூன்றாவதில் ஸ்மைல். "அக்கா, கடைசியா வந்ததுதான் நல்லதுன்னு அங்க சொல்றாங்க. நீ பழைய முறையிலதானே பண்ணிக்கிட்ட? நான் எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாள்.

"உன் கருவிழி எத்தனை மைக்ரான்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் விடுப்பு வேண்டும், தவணையில் கட்டலாமா, எல்லாம் தெரிந்திருந்தது. கருவிழியின் தடிமனைச் சொல்லும் அந்த எண் மட்டும் தெரியவில்லை. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பழையது, புதியது என்று வரிசைப்படுத்தி இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. பொருத்தமான கண்ணில் சரியாகச் செய்தால், ஆறு மாதம் கழித்துக் கிடைக்கும் பார்வை மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கருவிழிக்குள் எந்த வழியாக நுழைகிறார்கள், உள்ளே எவ்வளவை விட்டுவைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதனால் உங்கள் கண்ணின் அளவுகளை முதலில் பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் வாழ்க்கை முறையைப் பாருங்கள். மடிப்புத் தாளைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

அரை மில்லிமீட்டர் இடம்

கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழிதான் செய்கிறது. கண்ணின் முன்புறம் கடிகாரக் கண்ணாடி மாதிரி கவிந்திருக்கும் தெளிவான படலம் அது. நடுவில் அதன் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கண் கோளம் கொஞ்சம் நீண்டிருக்கும். ஒளி விழித்திரையை எட்டும் முன்பே குவிந்துவிடுவதால் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். கருவிழியின் நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக்கிவிட்டால் குவியும் இடம் பின்னால் தள்ளிப்போகும். மூன்று சிகிச்சைகளும் செய்வது இந்த ஒரே வேலையைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவிழியின் மேலே சுமார் 50 மைக்ரானுக்கு ஒரு மேல்படலம் இருக்கிறது. சுரண்டினாலும் அது சில நாளில் வளர்ந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் தடித்த நார் அடுக்கு அப்படி வளராது. அதிலிருந்து எடுத்தால் எடுத்ததுதான். கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அந்த அடுக்குதான். அளவுக்கு மீறி அதைக் குறைத்துவிட்டால் நாளடைவில் கருவிழி முன்னால் பிதுங்க ஆரம்பிக்கலாம். அரிதாகத்தான் நடக்கிறது, ஆனால் நடந்துவிட்டால் கண்ணாடிகூடச் சரியாக உதவாது. அறுவைக்கு முன்னால் செய்யும் பரிசோதனைகளில் பாதி, இது யாருக்கு வர வாய்ப்புண்டு என்று கண்டுபிடிக்கத்தான்.

இரண்டு லேசர்கள், இரண்டு கதைகள்

தியோடர் மைமன் 1960 மே மாதம் கலிஃபோர்னியாவில் முதல் ரூபி லேசரை ஒளிர வைத்தார். மறு ஆண்டே நியூயார்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை லேசரால் சுட்டார்கள். மனித உடலில் லேசர் முதலில் நுழைந்த இடங்களில் ஒன்று கண். அதில் வியப்பில்லை, உடலில் ஒளிக்கென்று திறந்திருக்கும் வாசல் அதுதானே. ஆனால் அந்த லேசர் சூட்டால் வேலை செய்தது. கருவிழியைச் சுட முடியாது. சுட்டால் வெந்த முட்டை வெள்ளைபோல் மங்கிவிடும்.

வெட்டவும் வேண்டும், சூடும் படக்கூடாது. இதற்கு வழி 1981-இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன், ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் மூவரும் எக்சைமர் என்ற புற ஊதா லேசரை வைத்துப் பிளாஸ்டிக்கைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு நன்றி நவிலல் பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியைச் சீனிவாசன் மறுநாள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். பச்சை நிற லேசர் பட்ட இடம் கருகியது. 193 நானோமீட்டர் புற ஊதா எக்சைமர் பட்ட இடத்திலோ கத்தியால் சீவியதுபோல் சுத்தமான பள்ளம், ஓரத்தில் கருகலே இல்லை. இந்த ஒளியின் ஒவ்வொரு துகளும் மூலக்கூறுப் பிணைப்பை உடைக்கும் அளவு ஆற்றல் கொண்டது. உடைந்த துணுக்குகள் சூட்டையும் வாரிக்கொண்டு தெறித்துப் போய்விடுகின்றன. ஒரே ஒரு தலைமுடியில் வரிசையாகச் சதுரப் பள்ளங்கள் செதுக்கிய படம் ஒன்று அந்தக் குழுவின் வேலையிலிருந்து வந்து உலகம் முழுக்கச் சுற்றியது. முடி துண்டாகாமல், சாவியின் பற்களைப்போல் பள்ளம் விழுந்திருக்கும். 1983-இல் ஸ்டீஃபன் டிராக்கெல் என்ற கண் மருத்துவர் இதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். இந்த லேசர் ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான் அளவு மட்டுமே எடுக்கும். கண்ணுக்குள் ஆழமாகப் போகவும் செய்யாது.

இரண்டாவது லேசர் ஃபெம்டோ செகண்ட் லேசர். ஒரு விநாடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வருவது ஒரு ஃபெம்டோ செகண்ட். அந்த நேரத்தில் ஒளியே 0.3 மைக்ரான்தான் நகரும். இவ்வளவு குறுகிய, வலுவான துடிப்புகளை உண்டாக்கும் வழியை ஜெரார் மூரூவும் டோனா ஸ்டிரிக்லண்டும் 1985-இல் வெளியிட்டார்கள். 2018-இல் நோபல் பரிசில் பாதி அதற்காகவே அவர்களுக்குக் கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூரூவின் ஆய்வகத்தில் ஒரு மாணவரின் கண்ணில் தவறுதலாக இந்த ஒளி பட்டுவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அவரைப் பரிசோதித்த இளம் மருத்துவர் ரான் கர்ட்ஸ், விழித்திரையில் இருந்த காயங்கள் அத்தனை நுணுக்கமாக, ஓரம் சிதையாமல் இருப்பதைப் பார்த்து அசந்துபோனார். பிளேடு இல்லாமல் கருவிழியை வெட்டும் இயந்திரம் அங்கிருந்துதான் பிறந்தது.

இந்த லேசரின் அகச்சிவப்பு ஒளி தெளிவான கருவிழிக்குள் எதையும் தொடாமல் ஊடுருவிப் போகும். குவிக்கும் புள்ளியில் மட்டும் ஒரு நுண்குமிழியை உண்டாக்கும். அப்படி லட்சக்கணக்கான குமிழிகளை அடுத்தடுத்து வைத்தால், தபால்தலைகளுக்கு நடுவே துளையிட்ட கோடுபோல் ஒரு தளம் உருவாகும். அந்தத் தளத்தில் திசுவைப் பிரித்துவிடலாம். எக்சைமர் மேலிருந்து சீவும் உளி. ஃபெம்டோ செகண்ட் உள்ளேயே வெட்டும் கத்தி. பி.ஆர்.கே.வில் உளி மட்டும், லாசிக்கில் இப்போது பெரும்பாலும் இரண்டும், ஸ்மைலில் கத்தி மட்டும். இது புரிந்துவிட்டால் மடிப்புத் தாளில் பாதி புரிந்த மாதிரி.

பி.ஆர்.கே.: வழி எளியது, வாரம் கடினம்

நான் செய்துகொண்டது இதுதான். பதினைந்து வருடம் ஆகிறது. என் கருவிழி 498 மைக்ரான், பவர் மைனஸ் நான்கு. அன்றைக்கு அங்கே லாசிக் மூடியைப் பிளேடால்தான் வெட்டுவார்கள், அதற்கே 160 மைக்ரான் போய்விடும். "உங்களுக்கு இதுதான் நல்லது" என்று மருத்துவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, மேல்படலத்தை மெதுவாக ஒதுக்கிவிடுவார்கள். பிறகு எக்சைமர் நேரடியாக நார் அடுக்கின் மேல் வேலை செய்யும். படுத்திருப்பவருக்குத் தெரிவது இவ்வளவுதான்: மேலே மங்கலாக மினுக்கும் ஒரு வண்ண விளக்கு, டக் டக் டக் என்று விடாத சத்தம், முடி கருகின மாதிரி ஒரு வாசனை. அந்த வாசனை வந்தபோது பயந்துபோனேன். கண் எரிகிறதோ என்று நினைத்தேன். தெறித்துப்போகும் திசுத் துகளின் வாசனைதான் அது, எதுவும் எரிவதில்லை. யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கஷ்டம் அதற்கு அப்புறம்தான். மேல்படலம் மூடுவதற்கு நான்கைந்து நாள் ஆகும். அதுவரை கட்டுபோல் ஒரு கான்டாக்ட் லென்ஸ் வைத்திருப்பார்கள். இரண்டாம் நாள் இரவு, கண்ணுக்குள் வெங்காயத்தையும் மணலையும் சேர்த்துப் போட்ட மாதிரி இருந்தது. ஃபோன் திரையின் வெளிச்சம்கூடத் தாங்கவில்லை. ஆறாம் நாள் லென்ஸை எடுத்தார்கள். பார்வை வந்தது, ஆனால் ஒரு நாள் தெளிவு, மறுநாள் மங்கல் என்று முழுதாக நிலைக்க இரண்டு மாதம் ஆனது. பல வாரம் ஸ்டீராய்டு சொட்டு விடவேண்டும். வெயிலில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். அதிகப் பவர் உள்ளவர்களுக்கு ஆறும்போது கருவிழியில் லேசான மூட்டம் விழ வாய்ப்புண்டு. அதைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தைச் சில விநாடிகள் தடவுகிறார்கள்.

இவ்வளவு படுத்தினாலும் இதைப் பழசு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறின பிறகு கண்ணில் மூடியும் இல்லை, வெட்டும் இல்லை. குத்துச்சண்டை, மல்யுத்தம், பந்து முகத்தில் படக்கூடிய விளையாட்டு, படை வேலை என்று போகிறவர்களுக்கு மருத்துவர்கள் இன்றும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். கருவிழி மெலிந்தவர்களுக்கும் பெரும்பாலும் இதுதான்.

லாசிக்: மறுநாள் காலை

கிரீஸ் நாட்டு மருத்துவர் இயோனிஸ் பல்லிகாரிஸ் 1990-ஐ ஒட்டி உருவாக்கிய வழி இது. மேல்படலத்தை ஒதுக்குவதற்குப் பதிலாக, அதையும் கொஞ்சம் நார் அடுக்கையும் சேர்த்து வட்டமாக ஒரு மூடி வெட்டுவார்கள். ஒரு பக்கம் கீல் மாதிரி ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்து, அடியில் எக்சைமரால் செதுக்கி, திரும்ப மூடிவிடுவார்கள். தையல் கிடையாது. ஃபெம்டோ செகண்ட் லேசர் வந்தபிறகு மூடியின் தடிமன் 100 முதல் 120 மைக்ரானுக்குள் அடங்கிவிட்டது.

மேல்படலம் அப்படியே இருப்பதால் வலி ஒரு மாலைப்பொழுதோடு முடிந்துவிடும். மறுநாள் காலை எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் மணி தெரியும். அந்த ஒரு காலைக்காகவே லாசிக் உலகம் முழுக்கப் பரவியது என்று நினைக்கிறேன். நீண்ட விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. கருவிழி சீராக வளையாததால் வரும் சிலிண்டர் பவர், தூரப்பார்வை இரண்டையும் சரிசெய்யும். கண் அசைந்தாலும் கருவி பின்தொடரும். பின்னாளில் கொஞ்சம் பவர் திரும்பினால் பெரும்பாலும் மூடியைத் தூக்கித் திருத்திக்கொள்ளலாம்.

குறை எது என்றால், அந்த மூடிதான். அதன் ஓரம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டப்படுகிறது. மேலே நன்றாக ஒட்டிக்கொண்டாலும், பழைய வலு முழுதாகத் திரும்புவதில்லை. பலத்த அடி பட்டு, வருடங்கள் கழித்தும் மூடி நகர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இன்னொன்று கண் உலர்வு. கருவிழியின் நரம்புகள் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருபவை. மூடி வெட்டும்போது கீல் பக்கம் தவிர மற்றவை அறுபடுகின்றன. "கண் காய்கிறது, கண்ணீர் சுர" என்று சொல்லும் நரம்புகள் அவை. மீண்டும் வளர மாதங்கள் ஆகும். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்தில் சரியாகிவிடும். ஏற்கெனவே கண் காய்கிறவர்களுக்குச் சில சமயம் நீடிக்கும்.

ஸ்மைல்: சிறிய வாசல்

இதில் எக்சைமரே கிடையாது. ஃபெம்டோ செகண்ட் லேசர் கருவிழிக்குள் மேலும் கீழுமாக இரண்டு தளங்களை வெட்டி, நடுவில் வட்டமான மெல்லிய ஒரு வில்லையைப் பிரிக்கும். எடுக்க வேண்டிய பவர் முழுக்க அந்த வில்லையின் வடிவத்தில் இருக்கிறது. 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரே கீறல் வழியாக மருத்துவர் அதை இடுக்கியால் வெளியே இழுத்துவிடுவார். அமெரிக்காவில் இதற்கு 2016-இல் ஒப்புதல் கிடைத்தது.

20 மில்லிமீட்டர் வெட்டு எங்கே, 4 மில்லிமீட்டர் கீறல் எங்கே! நரம்புகள் குறைவாக அறுபடுவதால் முதல் சில மாதங்களில் கண் உலர்வு லாசிக்கைவிடக் குறைவு. நகர மூடியும் இல்லை. இதெல்லாம் உண்மை. மடிப்புத் தாள் மீதியைச் சொல்லாது. பார்வை தெளிய லாசிக்கைவிடச் சில நாள் கூடுதலாகும். முக்கியமாகக் கிட்டப்பார்வைக்கும் அதோடு வரும் சிலிண்டர் பவருக்குமான சிகிச்சை இது. மிகக் குறைந்த பவருக்கு வில்லை மிக மெல்லியதாகி, கிழியாமல் எடுப்பது சிரமம். அரை நிமிடம் போலக் கண்ணை உறிஞ்சிப் பிடித்திருக்கும்போது நீங்கள் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், திடீரென்று கண்ணை அசைத்தால் பிடி விட்டுப்போகும். பின்னால் திருத்தம் வேண்டுமென்றால் தூக்குவதற்கு மூடி இல்லை. பெரும்பாலும் மேலே பி.ஆர்.கே. செய்வார்கள். ஆகப் புதிய முறையும் கடைசியில் பழைய முறையிடம்தான் வந்து நிற்கிறது. அப்புறம், வில்லையைப் பிரித்து எடுப்பது கைத்திறன். அந்த மருத்துவர் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

எவ்வளவு திசு போகும் என்பதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு எளிய வாய்பாடு உண்டு. சரிசெய்யும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி, பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் வருவது மைக்ரான். விட்டம் 6.5 என்று வைத்துக்கொண்டால் ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான். கருவிகள் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்கும், ஆனால் நிலவரம் புரிய இது போதும்.

பவர் மைனஸ் ஐந்து, கருவிழி 540 என்றால் 70 மைக்ரான் போகும். லாசிக் மூடிக்கு 110 கழித்தால் அடியில் 360 மிச்சம். குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது பழைய எல்லை, இன்று பலர் 280, 300 கேட்கிறார்கள். இவருக்கு மூன்று கதவும் திறந்திருக்கின்றன.

பவர் மைனஸ் ஏழு, கருவிழி 490 என்று வைத்துப் பாருங்கள். சுமார் 99 மைக்ரான் போகும். லாசிக்கில் மிச்சம் 281. எல்லைக்கு உள்ளேதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் மூடியும் செதுக்கியதும் சேர்ந்து கருவிழியில் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, அது எச்சரிக்கைக் கோடு. ஸ்மைலில் வில்லை கிழியாமலிருக்க அடியில் 15 மைக்ரான் வரை கூடுதலாகச் சேர்ப்பார்கள். மேலே விடும் 120-ஐயும் கழித்தால் அடியில் 256 மிச்சம். ஸ்மைலில் மேலடுக்கின் நார்கள் பெரும்பாலும் அறுபடாமல் வலுத் தருகின்றன என்ற வாதம் சரிதான், ஆனாலும் இந்த எண் எனக்கு நிம்மதி தராது. பி.ஆர்.கே.வில் மேல்படலத்தின் 50-ஐயும் கழித்தால் நார் அடுக்கில் 341 மிஞ்சும், ஆனால் மைனஸ் ஏழுக்கு மூட்டம் விழும் பயம். இவருக்கு நான் லேசரே வேண்டாம் என்பேன். இயற்கை லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்ஸைக் கண்ணுக்குள் வைக்கும் ஐ.சி.எல். என்ற வழி இருக்கிறது. கருவிழியைக் குறைக்காது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். கண்ணுக்குள் செய்யும் அறுவை என்பதால் கண்புரை, கண் அழுத்தம் போன்ற வேறு அபாயங்கள் உண்டு, அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருக்குமே வேண்டாம் என்று சொல்லும் சூழல்களும் இருக்கின்றன. கருவிழி கூம்பாகும் நோயின் சாயல் வரைபடத்தில் தெரிந்தால் மூன்றுமே கூடாது. பவர் கடந்த ஒரு வருடமாக மாறாமல் நிற்கவில்லை என்றால் பொறுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் தள்ளிப்போட வேண்டும். நாற்பதை நெருங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மைனஸ் இரண்டு, மூன்று உள்ளவர்கள் வெள்ளெழுத்து வந்த பிறகும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகம் படிப்பார்கள். லேசர் செய்தால் அந்தச் சலுகை போய்விடும், படிக்கப் புதிதாகக் கண்ணாடி வாங்க வேண்டிவரும். என் அத்தை ஒருவர் இதற்காகவே கடைசி நேரத்தில் வேண்டாம் என்றார். அவர் செய்தது சரி.

இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது மூன்றிலும் வரலாம். பெரும்பாலும் மாதங்களில் குறையும். இரவு முழுக்க வண்டி ஓட்டுகிறவர் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் தங்கை மறுபடி போய் எண்களை வாங்கி வந்தாள். கருவிழி 545, பவர் மைனஸ் நாலரை. திசுக் கணக்கில் எல்லாமே சரிப்படும். ஆனால் பத்து வருடம் கான்டாக்ட் லென்ஸ் போட்டவள். கண்ணீர்ச் சோதனையில் உலர்வு தெரிந்தது. முதலில் லென்ஸை நிறுத்திவிட்டு உலர்வுக்கு மருத்துவம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளப்பார்கள். அப்போதும் எண்கள் சரியாக இருந்தால் ஸ்மைல் என்று முடிவு செய்திருக்கிறோம். புதியது என்பதற்காக அல்ல, அவளுடைய கண் காய்கிறது என்பதற்காக.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அறுவைக்கு முன் எடுத்த கருவிழி வரைபடம், தடிமன், பவர் எல்லாவற்றின் நகலையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் கண்புரை வந்து செயற்கை லென்ஸ் வைக்கும்போது, செதுக்கின கருவிழியில் வழக்கமான கணக்கு பிசகும். அப்போது அந்தப் பழைய எண்கள் மருத்துவருக்கு உதவும். விழித்திரைப் பரிசோதனையையும் நிறுத்தாதீர்கள். கண்ணாடி போனாலும் கண் கோளத்தின் நீளம் மாறவில்லை, கிட்டப்பார்வைக் கண்ணுக்கு இருக்கும் விழித்திரை அபாயம் அப்படியேதான் இருக்கிறது. என்னுடைய தாள்கள் பீரோவில் பத்திரப் பையோடு இருக்கின்றன. 498 என்று மருத்துவர் பேனாவால் வட்டமிட்டது இன்னும் மங்கவில்லை.